மேடைக்கு அடியில் எண்பத்தொன்பது நிமிடம்

காலை ஐந்து மணி ஆறு நிமிடம். நான் முதலில் கண்டது ஒரு தலை. பாகூர் ஏரித் தண்ணீருக்கு மேலே, கரையிலிருந்து நாலு கஜ தூரத்தில், அது நிமிர்ந்து இருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் சற்றே திறந்திருந்தது. காதோரம் ஒரு அல்லி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அது கோதண்டத்தின் தலை. வயது பதினாறு. எங்கள் கொம்யூன், அதாவது ஊராட்சி, பள்ளிக்கூடத்தின் மூன்று கிலோமீட்டர் ஓட்டக்காரன். ஏரிக்கரைப் பாதை அந்த இடத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. அவனோடு ஓடிய மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள். கோதண்டம் திரும்பவில்லை. நேராக ஓடி, சரிவில் இறங்கி, தண்ணீரிலும் நாலைந்து எட்டு வைத்து, சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ஆனி மாதம். உட்கார்ந்தவனுக்குக் கழுத்தளவு தண்ணீர்தான் இருந்தது. இவ்வளவு நடந்தும் அவன் விழித்துக்கொள்ளவில்லை.

"முசே, கோதண்டம் குளிக்கிறான்" என்றான் ஒருவன். பிரெஞ்சு ஆட்சியில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குளிக்கிறானா? நல்லா பாருடா, தூங்குறான்" என்றான் இன்னொருவன்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாடா கோதண்டம், இன்னா பண்றே?"

"ஓடிக்கினு இருக்கேன் முசே" என்றான், கண்ணைத் திறக்காமல்.

தேகப்பயிற்சி ஆசிரியனாக முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் இளம் ஆசிரியர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் இரவில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று புதிதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அதிகாலைப் பயிற்சியைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் தகராறு. "உங்கள் காலத்தில் எப்படி? பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எங்கள் காலத்தில் எப்படி என்றால், மேலே சொன்னபடி. மீதியையும் எழுதுகிறேன்.

ஆசிரியனாவதற்கு முன் நான் புதுச்சேரியில் ஒரு வாரப் பத்திரிகையில் மூன்று வருஷம் நிருபராக இருந்தேன். அங்கே ஆசிரியர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் மணியை எழுது, பிறகு கண்டதை எழுது, பிறகு யார் என்ன சொன்னார் என்று எழுது, நீ நினைத்ததை நீயே வைத்துக்கொள். பத்திரிகை நின்றுபோனதும் கடற்கரை மைதானத்தில் ஆறு மாதம் தேகப்பயிற்சி கற்றேன். அந்த ஆறு மாதத்தில் கற்றதில் இன்றும் நினைவிருப்பது விசிலை எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்பது. பாகூருக்கு அனுப்பினார்கள். இரண்டாவது யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் இருந்தது.

எனக்கு மேலதிகாரி அஜுதான். அஜுதான் என்பது பட்டாளத்தில் ஒரு பதவி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் அந்தப் பதவி வரை உயர்ந்து பென்ஷன் வாங்கி வந்த தமிழர் அவர். பாகூர், வில்லியனூர் இரண்டு கொம்யூன்களின் தேகப்பயிற்சியும் அவர் பொறுப்பு. அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. அவர் மனைவியே வாசலில் நின்று "அஜுதான் வூட்ல இல்ல" என்றுதான் சொல்வார்.

மெலிந்த உடம்பு, மெழுகு தடவிய மீசை, காக்கி உடுப்பு, கையில் பிரம்பு, கழுத்தில் பித்தளை விசில். எந்த விஷயத்தையும் எண் போட்டுப் பேசுவார். "முதலாவது" என்று ஒன்று சொல்வார். "இரண்டாவது" என்று இன்னொன்று சொல்வார். "மூன்றாவது" என்று விரலை நீட்டுவார். அந்த மூன்றாவது அவருக்கு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. வராது என்று தெரிந்த கணத்தில் விசிலை எடுத்து ஊதிவிடுவார். விசில் ஊதினால் பேச்சு முடிந்தது, எல்லோரும் கலைய வேண்டும். இப்படியே அவர் உத்தியோகம் பார்த்தார். யாருக்கும் குறை இல்லை.

தூக்கத்தைப் பற்றி அவருக்கு இருந்த கொள்கை இரண்டு. முதலாவது, தூக்கம் சதையை ஊறவைக்கும். இரண்டாவது, எதிரி தூங்குவதில்லை. எங்களுக்கு எதிரி வில்லியனூர். அங்கே பயிற்சி கொடுப்பவரும் இவரே என்பதால் அவர்கள் தூங்குவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே பயிற்சி காலை நான்கு மணிக்கு. நான்கு மணிக்குப் பெயர் கூப்பிடுவது. நான்கு ஐந்துக்குப் பன்னிரண்டு தண்டால். நான்கு இருபதுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் தலையில். நான்கு முப்பதுக்கு ஓட்டம். ஐந்தரைக்கு "பிரான்ஸ் வாழ்க" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு வகுப்பில் ஆறு ஓட்டக்காரர்களும் ஒரே பக்கம் சாய்ந்து தூங்குவார்கள். முதலில் இருப்பவன் சாய்ந்தால் கடைசியில் இருப்பவன் பெஞ்சிலிருந்து விழுவான். அந்தக் கடைசி இடத்துக்கு முறை போட்டுக்கொண்டார்கள்.

அஜுதானும் தூங்குவார். இதைக் கண்டுபிடித்தது நான்தான். பகலில் கொம்யூன் அலுவலகத்தில், மேரி என்று சொல்வோம், கை வைத்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். கண் இரண்டும் திறந்திருக்கும். ஒருநாள் கடியாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒன்று இருபத்தைந்து வரை இமை கொட்டவில்லை. ஒரு ஈ புருவத்தில் இறங்கி, மூக்கு வழியாக மீசைக்கு நடந்து, மெழுகில் கால் ஒட்டிக்கொண்டு, சிரமப்பட்டு விடுபட்டுப் பறந்தது. சேவகன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கீழே போட்டான். "இரண்டாவது" என்றார் அஜுதான். பிறகு பழையபடி இருந்தார். பட்டாளத்தில் காவல் நிற்கும்போது கற்றுக்கொண்ட வித்தையாக இருக்க வேண்டும். கேட்கத் துணிவில்லை.

கோதண்டத்துக்கு வருவோம். அவன் அப்பா குப்புசாமிக்கு ஏரிக்குக் கிழக்கே கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. கோடையில் தண்ணீர் முறைக்கிணற்றிலிருந்து. நாலு குடும்பங்களுக்கு ஒரே கிணறு. யாருக்கு எந்த ஜாமம் என்று முறை உண்டு. குப்புசாமிக்கு விழுந்தது பின்னிரவு முறை. கோதண்டம் ஒன்றரை மணிக்கு எழுந்து கவலை ஓட்டுவான். அதாவது, மாடுகளைச் சரிவில் இறக்கித் தோல் சாலில் தண்ணீர் இறைப்பான். மூன்றரைக்கு மாட்டைக் கட்டிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவான். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி.

ஓட்டத்தில் அவனுக்குச் சாதாரணப் பரிசு காத்திருக்கவில்லை. ஜூலை பதினாலு குடியரசுத் திருநாளில் கொம்யூன்களுக்குள் போட்டி நடக்கும். அந்த வருஷம் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலில் வருபவனுக்குப் புதுச்சேரியில் போர்டிங்கில் இடம். சாப்பாடு, படுக்கை, மூன்று வருஷப் படிப்பு. கோதண்டத்துக்குக் கணக்கும் பூகோளமும் நன்றாக வரும், விழித்திருந்தால். குப்புசாமியிடம் பேசிப் பார்த்தேன்.

"ஜெயிச்சா போவட்டும் முசே, நான் குறுக்க நிக்கல. தோத்தான்னா பள்ளிக்கூடத்துக்கும் சேத்து முழுக்கு. மாட்டுக்குப் பின்னாடி ஆள் இல்ல எனக்கு" என்றார். சொன்ன சொல்லை மாற்றும் ஆள் இல்லை.

இடமா, மாடா என்பது ஒரே ஓட்டத்தில் முடிவாக வேண்டும். ஏரியில் உட்கார்ந்திருந்த தலையைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு பக்கம் அவன் தூங்கிய நேரம், எதிர்ப் பக்கம் ஓடிய நேரம். பன்னிரண்டு நாள் எழுதியதில் தூங்கிய நாளுக்கும் தூங்காத நாளுக்கும் ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசம் இருந்தது. அஜுதானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"முதலாவது, உன் கடியாரம் கோளாறு. இரண்டாவது, பையன் தூங்கின நாள்ல காத்து பின்னாலேர்ந்து அடிச்சிருக்கும். மூன்றாவது..." விசில்.

மறுநாள் தன் கடியாரத்தைக் கொடுத்தார். அதே வித்தியாசம்தான் வந்தது. "என் கடியாரத்தையும் கெடுத்துட்டியே" என்று வாங்கிக்கொண்டார்.

போட்டிக்கு முந்தைய மூன்று நாளும் அஜுதான் பந்தல் வேலையாக வில்லியனூர் போய்விட்டார். காலைப் பயிற்சியை நிறுத்தினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த முதல் மீறல் அது. குப்புசாமியும் பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லி அந்த மூன்று நாள் கிணற்று முறையை மாற்றிக்கொண்டார். இனி பையன் படுத்துத் தூங்க வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தவறு மட்டும் செய்தேன். மேரி வாசலில் வைத்து, பதினோரு பேர் கேட்கும்படி, "கோதண்டம் மூணு நாள் நல்லா தூங்கினா வில்லியனூரை ஜெயிச்சிடுவான்" என்று குப்புசாமியிடம் சொல்லிவிட்டேன்.

பாகூர் வில்லியனூரை ஜெயித்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆறரைக்கு நான் போனபோது கோதண்டம் வீட்டில் தயிர்ச்சோறு மட்டும் நாலு வீட்டிலிருந்து வந்திருந்தது. கசகசா அரைத்த பால் ஒரு செம்பு. தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தால் தூக்கம் வரும் என்று ஒருவர் வைத்திருந்தார். நல்லெண்ணெய்தான் சரி என்று இன்னொருவர் அதை வழித்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குப் பையன் படுத்தான்.

ஏழு நாற்பதுக்குத் தண்டோரா சத்தம் கேட்டது. கொம்யூன் தண்டோராக்காரர் மாணிக்கம் தெருமுனையில் நின்று, தன் முழு பலத்தையும் போட்டு அடித்துவிட்டு, அறிவித்தார்.

"இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, நம்ம குப்புசாமி மகன் கோதண்டம் தூங்குறான்! ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது! குழந்தைங்கள அழவுடக் கூடாது! நாய் வெச்சிருக்கறவங்க நாயைக் கட்டணும்!"

பிறகு மறுபடி அடித்தார். வழக்கப்படி நாலு முனையிலும் சொல்ல வேண்டும். நாலாவது முனை கோதண்டம் வீட்டு வாசல்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மாணிக்கம், இன்னாய்யா இது?"

"மேரில சொல்லிதான் முசே அனுப்பினாங்க. நீங்க கவலப்படாதீங்க, மணிக்கு ஒரு தபா வந்து சொல்லிட்டுப் போறேன். ஜனங்க மறந்துருவாங்க இல்ல?"

உள்ளே பார்த்தேன். கோதண்டம் எழுந்து உட்கார்ந்திருந்தான். தண்டோரா அடிக்கக் கேட்டால் என்னவென்று எழுந்து பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஊறிய பழக்கம். நாலு தெருவிலும் அந்நேரம் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்திருந்தார்கள். அவரவர் வாசலுக்கு வந்து, யார் தூங்குவது என்று பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் தண்டோராவை நிறுத்திவிட்டேன். அன்று சேவல்கள். விடியலில் கூவிப் பையனை எழுப்பிவிடும் என்று தெருவில் உள்ள சேவல்களை எல்லாம் பிடித்தார்கள். பதினான்கு சேவல். பிடித்ததைக் கண்காணிப்பு இல்லாமல் விடக் கூடாது என்று கூடைகளில் போட்டு ஒரே இடத்தில் கவிழ்த்தார்கள். அந்த இடம் கோதண்டம் வீட்டுத் தோட்டம். அவன் தலைமாட்டுக்கும் கூடைகளுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். ஒன்றையொன்று முன்பின் அறியாத பதினான்கு சேவல்கள் அந்தச் சுவரின் மறுபுறம் இருந்து விடியும் வரை காத்திருக்கவில்லை.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று காலையில் கேட்டேன், நோட்டுப் புத்தகத்தோடு.

"ரெண்டு சேவல் செத்துப்போச்சு முசே" என்றான்.

மூன்றாம் நாள் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். யாரும் பேச வேண்டாம். ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஏழு மணிக்கு முப்பது பேர் வந்து, முற்றத்திலும் வாசற்படியிலுமாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் குப்புசாமி குனிந்து, "கோதண்டம், தூங்கிட்டியாப்பா?" என்று மெல்லக் கேட்பார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பையன். "தூங்கிட்டேம்பா" என்பான். முப்பது பேரும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள்.

"யாருமே சத்தம் போடல முசே" என்றான் மறுநாள். "மூச்சு வுடற சத்தந்தான். அத்தன பேரு மூச்சு."

நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாள் கூட்டுத்தொகை ஆறே கால் மணி. கிணற்று முறை இருந்த நாட்களிலேயே இதைவிட அதிகம் தூங்கியிருந்தான்.

ஜூலை பதினாலு காலை ஆறு மணிக்கு வண்டி கட்டினோம். வில்லியனூர் போக நாலரை மணி நேரம். வண்டியிலாவது தூங்குவான் என்று வைக்கோல் மெத்தை போட்டிருந்தேன். உற்சாகப்படுத்துவதற்காக ஊரிலிருந்து பின்னால் ஐந்து வண்டி வந்தது. முதல் வண்டியில் மேளம். வில்லியனூர் போய்ச் சேர்ந்த பிறகும் மூன்று மணி வரை அது நிற்கவில்லை.

வில்லியனூர் மைதானத்தில் பெரிய பந்தல். ஆள் நெஞ்சுயரத்தில் பலகை மேடை. மேடையைச் சுற்றிலும் நீலம், வெள்ளை, சிவப்பு மூவர்ணத் துணி தரை வரை தொங்கியது. மூன்று மணிக்குச் சொற்பொழிவுகள், நாலரைக்கு ஓட்டம். வாசலில் அஜுதான் கையெழுத்திட்ட விதிகள் ஒட்டியிருந்தன. நான் பத்திரிகைக்காரன், ஒட்டியதைப் படிப்பவன். நாலாவது விதி இது: 'ஓட்டக்காரர்கள் சொற்பொழிவுகள் முடியும் வரை மேடையிலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லாதவர் பெயர் நீக்கப்படும்.' பத்து மீட்டருக்குள் வரிசையாக நிறுத்தும்படி சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோடு முழு வெயிலில் இருந்தது.

கோதண்டம் என் பக்கத்தில் நின்றபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். கண்ணின் வெள்ளை சிவந்திருந்தது.

"முசே, நா ஓடிருவேன். இப்ப மட்டும் எதுனா சாயறதுக்குக் குடுங்க" என்றான்.

விதியை மறுபடி படித்தேன். கோட்டில் நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. நிற்க வேண்டும் என்றே இல்லை. துணியின் ஓரத்தைத் தூக்கினேன். மேடைக்கு அடியில் நிழல், ஆற்று மணல், நாலடி உயரம்.

"உள்ள போடா" என்றேன்.

போனான். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குப் படுத்தான். நான் கண்ணால் பார்த்த வரையில் மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கே தூங்கினான்.

பெயர் கூப்பிடுவதும் ஓட்டத்துக்குக் காலம் அளப்பதும் என் வேலை. வில்லியனூர் ஓட்டக்காரன் ரத்தினம், "பிரெசான்", அதாவது உள்ளேன், என்று குதிகாலைச் சேர்த்தான். மற்றவர்களும் அப்படியே. கோதண்டம் பெயருக்கு எதிரே நான் 'இருக்கிறான்' என்று எழுதி, பக்கத்தில் 'பூஜ்யம் மீட்டர்' என்றும் குறித்தேன். பிறகு, காலம் அளப்பவன் கையில் விசில் இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி அஜுதானிடம் போய் அவர் விசிலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அப்போது அதைப் பற்றி வேறொன்றும் யோசிக்கவில்லை.

முதலில் மேர் பேசினார். கொம்யூனின் தலைவர். பிரெஞ்சில் இருபத்தைந்து நிமிடம். பிறகு அதையே ஒருவர் தமிழில் இருபது நிமிடம். மூன்றே முக்காலுக்குப் பிறகு அஜுதான் எழுந்தார். தலைப்பு, 'இளைஞரும் அதிகாலையும்'.

"முதலாவது, தூக்கம் சதையை ஊறவைக்கும்!" என்று பூட்ஸ் காலால் பலகையை ஓங்கி மிதித்தார். சரியாகக் கோதண்டத்தின் தலைக்கு மேலே. "இரண்டாவது, எதிரி தூங்குவதில்லை!" மறுபடி ஒரு மிதி. "மூன்றாவது..." என்று விரலை நீட்டினார். இடது கை கழுத்துக்குப் போனது. விசில் அங்கே இல்லை.

அவர் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் பார்த்ததில்லை. விசில் இல்லாமல் பேச்சை முடிக்க அவருக்கு வழி தெரியாது. மூன்றாவதைத் தேடிக்கொண்டு முதலாவதுக்குத் திரும்பினார். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தார். மறுபடி விரல், மறுபடி கழுத்து. நாலு மணி பத்து நிமிடத்துக்கு நாலாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது, மேடைக்கு அடியிலிருந்து குறட்டை கேட்டது.

சின்னக் குறட்டை இல்லை. மரப்பலகை அதைப் பெரிதாக்கிக் கொடுத்தது. அஜுதான் பேச்சை நிறுத்தாமல் மேரைப் பார்த்தார். விழித்திருந்த மேர் அவமானப்பட்டு, பக்கத்தில் இருந்த நொத்தேரைப் பார்த்தார். பத்திரம் எழுதும் அந்த நொத்தேர் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தவர். திடுக்கிட்டு எழுந்து கை தட்டினார். கூட்டமும் தட்டியது. நான் கைத்தட்டலில் குனிந்து துணிக்குள் கை விட்டு, பையனைப் பக்கவாட்டில் புரட்டினேன். குறட்டை நின்றது. அஜுதான் கைத்தட்டலுக்குத் தலை வணங்கி ஐந்தாவது சுற்றைத் தொடங்கினார்.

கோட்டில் நின்றவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ரத்தினம் உட்காரவில்லை. நிமிர்ந்து நின்றான். அவன் மோவாயிலிருந்து வியர்வை ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. கடியாரத்தைப் பார்த்தேன், என் கழுத்திலிருந்த விசிலைப் பார்த்தேன். அதை ஊதினால் அவர் நின்றுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பையன்கள் வெயிலில் நிற்பதும் தெரியும். நாலரை வரை ஊதவில்லை. இது என் உத்தியோகத்தில் இரண்டாவது மீறல். முதலாவதைவிடப் பெரியது.

நாலு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு ஊதினேன். அஜுதான் ஒரு சொல்லின் பாதியில் நின்றார். விசிலுக்குக் கோதண்டம் எழுந்திருக்கவில்லை. பூட்ஸுக்கும் கைத்தட்டலுக்கும் எழுந்திருக்காதவன் அதற்கு எழுந்திருப்பானா? பேச்சு நின்ற அந்த அமைதியில்தான் கண் விழித்தான். எண்பத்தொன்பது நிமிடம். மூவர்ணத் துணியை விலக்கிக்கொண்டு அவன் தவழ்ந்து வெளியே வரவும், பிரான்ஸ் தேசிய கீதம் தொடங்கவும் சரியாக இருந்தது. அப்படியே எழுந்து விறைத்து நின்றான். தலை முழுக்க மணல்.

கீதம் முடிந்ததும் அஜுதான் மேடையிலிருந்து குனிந்தார்.

"எங்கேடா இருந்தே?"

"இங்கதான் ஐயா, கீழ."

"பேச்சைக் கேட்டியா?"

"முடியற வரைக்கும் இருந்தேன் ஐயா."

அஜுதான் என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பூஜ்யம் மீட்டர் என்ற இடத்தில் விரல் நின்றது. வாசலில் ஒட்டியிருந்த தன் விதியைத் திரும்பிப் பார்த்தார். பட்டியலைக் கொடுத்துவிட்டார். தன் கையெழுத்தை மதிக்கும் மனிதர் அவர்.

ஓட்டம் வில்லியனூரிலிருந்து அரியூர் சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் கல் வரை போய்த் திரும்புவது. கல்லைத் தொடும்போது ரத்தினம் இருபது அடி முன்னால் இருந்தான். சைக்கிளில் நான் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். கோதண்டத்தின் கண்ணையே பார்த்தேன். அது திறந்திருந்தது. கல்லிலிருந்து பாதித் தூரத்தில், சாலை இடப்பக்கம் வளையும் இடத்தில் ஒரு குட்டை இருக்கிறது. பாகூர்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கே கூடி நின்று, "திரும்புடா! திரும்புடா!" என்று கத்தினார்கள். திரும்பினான். ரத்தினமும் நேர்மையாக ஓடினான், ஆனால் கடைசி முந்நூறு மீட்டரில் அவன் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கோதண்டம் பதினோரு அடி முன்னால் நூலை அறுத்தான்.

குப்புசாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"மாட்டுக்கு ஆள் பாக்கணும்" என்றார் என்னிடம். மேல்துண்டால் பையன் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

ரத்தினத்தைத் தேடிப் போனேன். பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. அவன் முகத்தில் வெயில் படாதபடி சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தி, சீட்டின் மேல் என் துண்டைப் போட்டுவிட்டு வந்தேன். அன்று வில்லியனூருக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

பரிசளிப்பில் அஜுதான் பேசினார். விசிலைத் திருப்பிக் கொடுத்திருந்தேன், ஆகவே பேச்சு சுருக்கமாக இருந்தது. முதலாவது, பாகூரின் வெற்றி நான்கு மணிப் பயிற்சியின் வெற்றி. இரண்டாவது, நான்கு மணிக்கே இவ்வளவு என்றால்... விசில்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பயிற்சி இனிமேல் மூன்றரை மணிக்கு. பதிலுக்கு நான் என் நோட்டுப் புத்தகத்தை மேர் வரைக்கும் கொண்டுபோனேன். நொத்தேரும் கூட இருந்து முழுவதும் படித்தார். ஐந்தரை மணிக்கு மாற்ற எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அது தனிக்கதை, சிரிப்பு இல்லாதது.

ஆகஸ்டு மாதம் கோதண்டத்திடமிருந்து கடிதம் வந்தது. போர்டிங்கில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்களாம். ஆறு மணிக்கு மணி அடிக்கிறார்களாம். நடுவில் யாரும் வந்து தூங்கிவிட்டாயா என்று கேட்பதில்லையாம். முதல் வாரம் அதுவே ஒரு மாதிரியாக இருந்தது, இப்போது பழகிவிட்டது என்று எழுதியிருந்தான். மாணிக்கத்துக்கு வணக்கம் சொல்லியிருந்தான்.

அவனுடைய கட்டிலின் எண் பதினேழு.